எஞ்சின் சூடு: எவ்வளவு வரை சரி?

சோழவரம் என்றதும் சென்னைக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஏரிதான். பூண்டி, செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகளோடு சேர்ந்து நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரி அது. முழுக் கொள்ளளவு 1,081 மில்லியன் கன அடி என்பது ஒவ்வொரு மழைக்காலத்திலும் செய்தித்தாளில் படித்துப் படித்தே பலருக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். ஆனால் ஐம்பது வயதைத் தாண்டிய கார் பிரியர் யாரிடமாவது சோழவரம் என்று சொல்லிப் பாருங்கள். அவர் ஏரியைப் பற்றிப் பேச மாட்டார். ரேஸைப் பற்றித்தான் பேசுவார்!

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானங்களுக்காகப் போடப்பட்ட ஓடுதளம் ஒன்று சோழவரத்தில் இருந்தது. போர் முடிந்த பிறகு அது பந்தய மைதானம் ஆயிற்று. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் அங்கேதான் பந்தயங்களை நடத்தியது. ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்று அந்தக் காலத்துத் தெருவில் ஓடிய கார்கள் எல்லாம் அங்கே பந்தயக் கார்களாக மாறி ஓடின. விஜய் மல்லையா 1980களில் அங்கே கார் ஓட்டியிருக்கிறார். மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரை உருவாக்கிய கோவை கரிவரதனின் பெயரும் சோழவரத்தோடு சேர்த்தே பேசப்படும். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் புதிய மைதானம் வந்தபின் சோழவரத்தின் ரேஸ் காலம் முடிந்துபோனது.

இந்தக் கட்டுரை ரேஸைப் பற்றியது அல்ல. அந்த ஓடுதளத்தில் கார் ஓட்டிய எல்லோரும் ஒரு கண்ணை வைத்திருந்த ஒரு சின்ன மீட்டரைப் பற்றியது. எஞ்சின் சூட்டைக் காட்டும் டெம்பரேச்சர் மீட்டர். அதில் எது சாதாரணம், எது ஆபத்து? இதைத் தெரிந்துகொள்ள அதே சோழவரத்தில் ஒரு கல்லூரி மாணவனுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் ஒரு கையும் ஒரு எஞ்சினும் போகப் பார்த்தன.

கார் அவனுடையது அல்ல. துபாயில் வேலை பார்க்கும் சித்தப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு கதவு, சிவப்பு நிறம், தரையை உரசுகிற உயரம். (கம்பெனி பெயர் வேண்டாம். எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் இதே கதைதான்.) ஊருக்குக் கிளம்பும்போது சித்தப்பா சாவியை அவன் கையில் கொடுத்து, "வாரத்துக்கு ஒரு தடவையாவது ஓட்டுடா. நிறுத்தியே வெச்சா கெட்டுப்போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அவன் அப்பாவுக்கோ வேறு கவலை. அந்த எஞ்சினுக்கு ஏதாவது ஆனால் ஆகும் செலவு பையனின் ஒரு வருடக் கல்லூரிக் கட்டணத்தை விட அதிகம். அண்ணன் தம்பி உறவு என்ன ஆகும் என்பது அதற்கு மேல்.

பையன் பொறுப்பானவன். ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகுகிற ஓபிடி ஸ்கேனர் ஒன்று வாங்கி மாட்டினான். காரின் கம்ப்யூட்டர் படிக்கும் கூலன்ட் வெப்பம் செல்போன் திரையில் எண்ணாகவே தெரிந்தது. 88, 89, 91 என்று மாறிக்கொண்டே இருந்தது. பிரச்சினை அன்றுதான் ஆரம்பித்தது!

ஏப்ரல் மாத ஞாயிற்றுக்கிழமை. செங்குன்றம் கூட்டுச் சாலையில் நெரிசல். முன்னால் கண்டெய்னர் லாரி, பின்னால் கண்டெய்னர் லாரி, மேலே வெயில். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. போனில் எண் 95 ஆயிற்று, 98 ஆயிற்று, 101 ஆயிற்று. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவன் அவன். 101 என்றால்? உள்ளே கொதிக்கிறது என்றுதானே அர்த்தம்! வண்டியை ஓரம் கட்டினான். சட்டென்று எஞ்சினை அணைத்தான். சாவியை மட்டும் மறுபடி திருப்பி எண்ணைப் பார்த்தான். 106! அணைத்த பிறகும் ஏறுகிறது!

பானெட்டைத் திறந்து, ஈரத் துணியால் ரேடியேட்டர் மூடியைப் பிடித்தான். அந்த நேரத்தில்தான் அவன் முன்பே போன் போட்டிருந்த மெக்கானிக் திரும்பக் கூப்பிட்டார்.

"தம்பி, இப்ப கை எங்க இருக்குது?"

"மூடி மேலண்ணா. திறந்து தண்ணி ஊத்தப் போறேன்."

"கையை எடு முதல்ல. மூடியைத் தொடாதே. அப்படியே போய் நிழல்ல உக்காரு. நூத்தி ஆறெல்லாம் ஒண்ணும் இல்லப்பா."

அந்த மெக்கானிக்குக் காரனோடை பக்கம் ஒரு சின்ன ஷெட். பையனாக இருந்தபோது சோழவரம் ரேஸில் ஒரு ஃபியட் காருக்குத் தண்ணீர் கேன் தூக்கியவர். அன்று சாயங்காலம் அவர் சொல்ல ஆரம்பித்தது பல ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்தது. அவர் சொன்னதையும் பையன் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்தால் விஷயம் இதுதான்.

பெட்ரோல் எஞ்சினுக்குள் எரியும் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரிக்கு மேல் போகும். பிஸ்டனும் சிலிண்டர் ஹெட்டும் செய்யப்படும் அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். அப்படியானால் எஞ்சின் ஏன் உருகுவதில்லை? சுற்றிலும் ஓடிக்கொண்டே இருக்கும் தண்ணீர்தான் காரணம். எரிபொருளிலிருந்து வரும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியே புகையோடு போகிறது. மீதிப் பங்கைத் தண்ணீர் வாங்கிக்கொண்டுபோய் ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுக்கிறது.

அப்படியென்றால் தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லதுதானே? இல்லை. எஞ்சின் குளிர்ந்திருந்தால் ஆயில் கெட்டியாக இருக்கும். பெட்ரோல் முழுதாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். தேய்மானம் கூடும், பெட்ரோல் செலவும் கூடும். அதனால்தான் தெர்மோஸ்டாட் என்ற ஒரு சின்ன வால்வை வைத்திருக்கிறார்கள். அதற்குள் மெழுகு இருக்கிறது. பல கார்களில் 82 டிகிரி, சிலவற்றில் 88 டிகிரி வரும்போது மெழுகு இளகி விரிந்து வால்வைத் திறக்க ஆரம்பிக்கும். அதற்கு மேல் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறினால் முழுதாகத் திறந்துவிடும். அதாவது எஞ்சினே விரும்பித்தான் 85, 90 டிகிரியில் இருக்கிறது.

செங்குன்றத்தில் நின்ற அன்று, பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் "தெர்மோஸ்டாட்டைக் கழட்டித் தூர எறிஞ்சுடுப்பா, வண்டி ஜில்லுனு ஓடும்" என்று யோசனை சொல்லியிருந்தார். நம் ஊரில் இது மிகவும் பிரபலமான வைத்தியம்! மெக்கானிக் இதைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் நெடுஞ்சாலையில் எஞ்சின் தேவையில்லாமல் குளிர்ந்து கிடக்கும். நெரிசலில் நிற்கும்போதோ தெர்மோஸ்டாட் ஏற்கெனவே முழுதாகத் திறந்துதான் இருக்கும். கழற்றி என்ன லாபம்?

இனி அந்த 100 டிகிரி பயம். தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பது திறந்த பாத்திரத்தில். ரேடியேட்டர் திறந்த பாத்திரம் இல்லை, அது பிரஷர் குக்கர் மாதிரி. அதன் மூடியில் ஸ்பிரிங் வைத்த வால்வு இருக்கிறது. வெளிக்காற்றை விட ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கூடுதலாகச் சேரும் வரை அது திறக்காது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரியில்தான் கொதிக்கும். தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் பாதிப்பாதி கலந்த கூலன்ட் என்றால் 130 டிகிரி அருகில் போக வேண்டும். ஆக 101 என்பது கொதிநிலையிலிருந்து வெகு தொலைவு. ஃபார்முலா 1 கார்களில் இன்னும் அதிக அழுத்தத்தில் கூலன்ட்டை 120 டிகிரி அளவிலேயே ஓட விடுகிறார்கள்.

ஆனால் மூடியைத் திறந்தால்? அழுத்தம் ஒரு நொடியில் போய்விடும். 106 டிகிரியில் அமைதியாக இருந்த தண்ணீர் அந்தக் கணமே கொதித்து, ஆவியும் வெந்நீருமாக முகத்துக்கு நேராக எகிறும். ஈரத் துணி அதைத் தடுக்காது. விசில் அடிக்கும் குக்கரின் மூடியை யாராவது திறப்பார்களா? தெருவோரத்தில் கார் மூடியை மட்டும் தைரியமாகத் திறக்கிறார்கள். மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறிய பிறகுதான் மூடியைத் தொட வேண்டும். அதற்கு அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ ஆனாலும் ஆகட்டும்.

எஞ்சினை அணைத்த பிறகு எண் ஏன் ஏறியது? இதற்கு மெக்கானிக் சோழவரத்தைத்தான் உதாரணம் சொன்னார். "ரேஸ் முடிஞ்சு கொடி காட்டின உடனே எவனும் வண்டியை அணைக்க மாட்டான் தம்பி. ஒரு ரவுண்டு மெதுவா சுத்திட்டுத்தான் உள்ள வருவான். அப்படியே வந்து பட்டுனு அணைச்சா, உள்ள இருக்குற இரும்புச் சூடு எல்லாம் நின்னுபோன தண்ணில இறங்கும். அப்புறம் தண்ணி பொங்கி வெளிய ஊத்தும்." எஞ்சின் நின்றால் பெரும்பாலான கார்களில் வாட்டர் பம்பும் நின்றுவிடும். தண்ணீர் ஓடாது, காற்றும் அடிக்காது. ஆனால் உலோகத்தில் தேங்கிய சூடு எங்காவது போக வேண்டுமே! அதனால் கொஞ்ச நேரத்துக்கு எண் ஏறுவது இயல்பு. வேகமாக ஓட்டி வந்தால் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை மெதுவாக ஓட்டிவிட்டு அணைப்பது ரேஸ்காரர்களின் பழக்கம் மட்டும் அல்ல, எல்லோருக்குமே நல்லது. டர்போ உள்ள வண்டிக்கு இன்னும் நல்லது.

ஸ்போர்ட்ஸ் காருக்கு இதில் தனிக் கஷ்டம் உண்டு. காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்காக மூக்கைத் தாழ்வாகவும் காற்றுத் துவாரத்தைச் சின்னதாகவும் வைக்கிறார்கள். உள்ளே எஞ்சினோ பெரிய சக்தி கொண்டது. 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று தானாகவே ரேடியேட்டரில் அடிக்கும், கவலை இல்லை. நெரிசலில் நின்றால் மின்விசிறி ஒன்றுதான் கதி. உலகத்திலேயே அழகான கார் என்று பலர் சொல்லும் ஜாகுவார் ஈ-டைப், 1961-ல் வந்த கார், நெரிசலில் சூடாவதற்குப் பெயர் போனது. எஞ்சினை நடுவிலோ பின்னாலோ வைத்த கார்களில் பலவற்றுக்கு ரேடியேட்டர் முன்னால் இருக்கும். தண்ணீர் வண்டியின் முழு நீளமும் போய் வர வேண்டும். அந்த நீண்ட குழாயில் எங்காவது காற்றுக் குமிழி சிக்கினால் அதுவும் தொல்லை. போர்ஷே 911 மட்டும் 1990களின் கடைசி வரை இந்தத் தண்ணீர் வம்பே வேண்டாம் என்று காற்றாலேயே குளிர்ந்துகொண்டிருந்தது.

இதற்கு மேல் நம் ஊர் வெயில். இதைப் பையன் ஒரு சின்னக் கணக்காகவே போட்டுப் பார்த்தான். ரேடியேட்டர் எவ்வளவு சூட்டை வெளியே தள்ளும் என்பது தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. ஜனவரிக் காலையில் வெளியே 25 டிகிரி, தண்ணீர் 90 டிகிரி என்றால் வித்தியாசம் 65. மே மாத மதியம் வெளியே 40 டிகிரி என்றால் அதே 90 டிகிரித் தண்ணீருக்கு வித்தியாசம் 50 மட்டுமே. ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு பலம் குறைந்துவிட்டது! அந்தப் பலம் எப்படித் திரும்பும்? தண்ணீர் 105 டிகிரிக்கு ஏறினால் வித்தியாசம் மறுபடி 65. ஆக, கோடை நெரிசலில் எண் 100-ஐத் தாண்டி ஏறி ஓர் இடத்தில் நிலையாக நின்றால், அது கோளாறு அல்ல. வெயிலுக்குத் தகுந்தபடி தன்னைச் சரிசெய்துகொண்ட எஞ்சின் அது. சோழவரம் ரேஸ் வெயில் ஏறுவதற்கு முன், ஆண்டின் தொடக்க மாதங்களில் நடந்தது எஞ்சின்களுக்கும் ஒரு வசதிதான்.

சரி, அப்படியானால் எதற்குத்தான் பயப்பட வேண்டும்? மெக்கானிக் எண் எதையும் சொல்லவில்லை. "உன் வண்டியோட பழக்கம் என்னன்னு பாரு" என்றார். பையன் ஒரு நோட்டு போட்டான். ஒவ்வொரு ஞாயிறும் வெளி வெப்பம் எவ்வளவு, நெடுஞ்சாலையில் எண் எவ்வளவு, சிக்னலில் எவ்வளவு, மின்விசிறி எப்போது ஓடியது என்று எழுதினான். ஐந்து வாரத்தில் படம் தெளிவாகிவிட்டது. ஓடும்போது 88 முதல் 92. நின்றால் மெல்ல ஏறும். 98-ல் மின்விசிறி ஓடும், 93-க்கு இறக்கிவிட்டு நிற்கும். ஏசியும் கடும் வெயிலும் சேர்ந்தால் 103 வரை போய்த் திரும்பும். இது அந்தக் காரின் பழக்கம். இன்னொரு காருக்கு இன்னொரு பழக்கம் இருக்கும்.

பழக்கம் தெரிந்துவிட்டால் கோளாறும் தானாகத் தெரியும். நிற்கும்போது மட்டும் சூடு ஏறி, ஓட்டினால் இறங்கினால் காற்றில் குறை: மின்விசிறி, அதன் ரிலே, அல்லது ஃபியூஸ். வேகமாகப் போகும்போது ஏறினால் தண்ணீர் ஓட்டத்தில் குறை: அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பம்ப், சரியாகத் திறக்காத தெர்மோஸ்டாட். நெடுஞ்சாலையில் 70-க்கு மேல் ஏறவே இல்லை என்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டது. கூலன்ட் வாராவாரம் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது ஹெட் கேஸ்கெட் வழியாக எஞ்சினே குடிக்கிறது.

ரேடியேட்டர் ஏன் அடைக்கிறது? நம் பக்கத்தில் குளிர்காலத்திலும் தண்ணீர் உறையாது. ஆகவே கூலன்ட் எதற்கு, போர் தண்ணீர் போதுமே என்று நினைப்பவர்கள் நிறைய. உறையாமல் வைப்பது கூலன்ட்டின் ஒரு வேலைதான். துரு பிடிக்காமல் காப்பதும், கொதிநிலையை ஏற்றுவதும் மற்ற வேலைகள். உப்பும் சுண்ணாம்பும் உள்ள போர் தண்ணீர், வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தில் படிவது போலவே ரேடியேட்டர் குழாயிலும் வெள்ளையாகப் படியும். அந்தப் படிவம் சூட்டை வெளியே விடாது. வெறும் தண்ணீர் கூலன்ட் கலவையை விட அதிகச் சூட்டைச் சுமக்கும் என்பது உண்மைதான். சாலையில் கொட்டினால் வழுக்கும் என்பதற்காகப் பல பந்தயங்களில் கிளைக்கால் கூலன்ட்டுக்குத் தடையும் உண்டு. ஆனால் ரேஸ் காரின் தண்ணீரை அடிக்கடி மாற்றுவார்கள். வீட்டுக் காருக்கு டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும்தான் சரி.

டேஷ்போர்டில் இருக்கும் முள்ளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சோழவரம் காலத்து ரேஸ் கார்களில் முள் உண்மையைச் சொன்னது. தண்ணீர் இரண்டு டிகிரி ஏறினால் முள்ளும் ஏறும். இன்றைய கார்கள் பலவற்றில் அப்படி இல்லை. 75, 80 டிகிரியிலிருந்து 105 டிகிரி அளவு வரை முள் அசையாமல் நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். சின்னச் சின்ன ஏற்ற இறக்கத்துக்கு ஓட்டுபவர் பயப்படக் கூடாது என்று. இதனால் முள் நடுவைத் தாண்டி நகர்கிறது என்றால் விஷயம் ஏற்கெனவே முற்றிவிட்டது என்று பொருள். நகர்ந்தால் யோசிக்காமல் ஏசியை அணைக்க வேண்டும். ஓரம் கட்ட இடம் கிடைக்கும் வரை ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடலாம். ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். மே மாதத்தில் ஹீட்டர் போட்டுக்கொண்டு ஓட்டுவது நரகம்தான், ஆனாலும் எஞ்சின் பிழைக்கும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு பையனுக்குத் தைரியம் வந்துவிட்டது. 101, 102 எல்லாம் அவனை அசைக்கவில்லை. உண்மையான ஆபத்து வந்தது அப்போதுதான்.

ஜூன் முதல் வாரம். கும்மிடிப்பூண்டி வரை போய்விட்டு, தேசிய நெடுஞ்சாலை 16-ல் திரும்பிக்கொண்டிருந்தான். மதியம். 80 கிலோமீட்டர் வேகம். சாலை காலி. போனில் எண் 90. கொஞ்ச நேரத்தில் 96. பிறகு 99. ஓடும் வண்டிக்கு இது பழக்கம் இல்லையே என்று நினைத்தான். நினைத்து முடிப்பதற்குள் எண் இறங்க ஆரம்பித்தது. 91, 84, 76. டேஷ்போர்டு முள்ளும் நடுவை விட்டுக் குளிர்ந்த பக்கம் சாய்ந்தது. அப்பாடா, காற்று நன்றாக அடிக்கிறது என்று ஒரு கணம் நிம்மதியாக இருந்தது.

கவரைப்பேட்டை வருவதற்கு முன் காருக்குள் இலேசாக ஒரு தித்திப்பு வாசனை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஏறுவதற்குக் காரணம் வேண்டும் என்றால் இறங்குவதற்கும் காரணம் வேண்டுமே! மழை இல்லை. வேகம் மாறவில்லை. வெயில் அப்படியே இருக்கிறது. ஐந்து வார நோட்டில் ஒரு நாள்கூட ஓடும்போது 85-க்குக் கீழே போனதில்லை. ஏசியை அணைத்தான். ஓரம் கட்டினான். எஞ்சினையும் அணைத்தான்.

காருக்கு அடியில் பச்சையாகச் சொட்டிக்கொண்டிருந்தது. கீழ் ஹோஸின் கிளிப் தளர்ந்து கூலன்ட் பெரும்பாலும் சாலையிலேயே போயிருந்தது. எண் ஏன் இறங்கியது? சென்சார் தண்ணீரில் மூழ்கியிருக்கும் வரைதான் தண்ணீரின் வெப்பத்தைச் சரியாகச் சொல்லும். தண்ணீர் மட்டம் அதற்குக் கீழே போய்விட்டால் அது வெறும் காற்றிலும் ஆவியிலும் நிற்கிறது. எஞ்சின் கொதிக்கும்போதே அது குளிர்ந்த எண்ணைக் காட்டும். இன்னும் மோசம், மின்விசிறியை ஓட்டும் கம்ப்யூட்டரும் அதே எண்ணைத்தான் நம்புகிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து விசிறியை ஓட்டவே ஓட்டாது.

இன்னும் சில நிமிடம் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அலுமினிய ஹெட் வளையும், கேஸ்கெட் போகும், தண்ணீரும் ஆயிலும் கலக்கும். சில நேரம் பிஸ்டனே சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். பிறகு சித்தப்பாவுக்கு என்ன பதில் சொல்வது?

இந்த முறை அவன் மூடியைத் தொடவில்லை. கையில் இருந்த குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை எஞ்சினில் ஊற்றவும் இல்லை. சூடான உலோகத்தில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். மெக்கானிக்குக்குப் போன் செய்துவிட்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்தான். அவர் பைக்கில் கிளிப், டிஸ்டில்டு வாட்டர், கூலன்ட் எல்லாவற்றோடும் வந்தார். வந்தவரும் உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் ஒன்றும் செய்யவில்லை.

ஆறிய பிறகு புதுக் கிளிப்பை மாட்டி, மெதுவாக நிரப்பி, ஹீட்டரைத் திறந்து வைத்துக் காற்றை வெளியேற்றினார்கள். ஆயில் அளக்கும் கம்பியை எடுத்துப் பார்த்தார் மெக்கானிக். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். வெளுக்கவில்லை. எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டரில் தொடர்ந்து குமிழி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. மறுநாள் ஷெட்டில் அழுத்தம் கொடுத்தும் சோதித்தார். ஹெட் தப்பித்திருந்தது.

"எப்படிப்பா நிறுத்தணும்னு தோணுச்சு? நம்பர் கம்மியாத்தானே காட்டுச்சு?" என்று கேட்டார்.

"கம்மியா காட்டினதாலதாண்ணா" என்றான்.

அன்றிரவு வழக்கம்போல துபாயிலிருந்து போன் வந்தது. வண்டி எப்படி இருக்கிறது என்று சித்தப்பா கேட்டார். பையன் எதையும் மறைக்கவில்லை. கிளிப் தளர்ந்தது, கூலன்ட் போனது, நிறுத்தியது, மாற்றியது எல்லாவற்றையும் சொன்னான். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "கிளிப் என்னடா விலை?" என்று கேட்டார் சித்தப்பா. ஒரு டீயும் வடையும் சாப்பிடும் காசுதான்.

இப்போது நோட்டில் புதிதாக ஒரு பத்தி சேர்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, எஞ்சினைக் கிளப்புவதற்கு முன், ரிசர்வ் டேங்கில் கூலன்ட் மட்டம் எவ்வளவு என்று எழுதும் பத்தி. அதற்கு ஸ்கேனர் தேவையில்லை. குனிந்து பார்த்தால் போதும்.